மத்தியானம் ஊதாத ஊர்

மகள்,

இதை நான் டெக்ஸ்ட்டாகவே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ ஒரு பெருவிரலைக் காட்டிவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் கடதாசியில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று நீ காருக்குள் சப்பாத்தைக் கழற்றி எறிந்த காலத்தில் உன்னை இழுத்துக்கொண்டு போனவள் நான். அந்தப் படிப்புக்கு இன்றைக்குத்தான் வேலை வந்திருக்கிறது. எழுத்துக் கூட்டி வாசித்தாலும் பரவாயில்லை, முழுவதையும் வாசி. பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் எடுக்காதே. எடுத்தாலும் நான் தூக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் நீ அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். டொபின்ஸ் லாண்டிங்கில் இளைப்பாறப் போகிற அந்த மாட்டு டொக்டரின் இடத்தை நீ எடுப்பதா, விடுவதா என்பதுதான் கதை. உனக்குப் போக விருப்பம். அது எனக்குத் தெரியும். அந்த ஊரைப் பற்றிப் பேசும்போது உன் குரல் ஒரு படி ஏறுகிறது. சின்ன வயதில் நாய்க்குட்டி கேட்கும்போதும் அப்படித்தான் ஏறும். ஆனால் கடைசியாகப் பேசும்போது, "அம்மா, அப்பா ஓம் எண்டு சொல்லாட்டி ஐ'ம் நொட் கோயிங், ஓகே?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். ஓகே இல்லை, மகள். அப்பாவோ இரண்டு கிழமையாக வாயே திறக்கவில்லை. நீ அங்கே இருந்து அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், அவர் இங்கே இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நடுவில் நான் இருந்து உங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் களைத்துவிட்டேன்.

அப்பா உன்னை மறிக்கிறார் என்று நீ நினைக்கிறாய். அது பிழை. மறிப்பதென்றால் உன் அப்பா வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை. நீ மனித டொக்டருக்குப் படிக்காமல் மாட்டு டொக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு, மில்லிக்கனில் எங்கள் வீட்டில் அவர் போட்ட சத்தம் ஸ்டீல்ஸ் வீதிவரைக்கும் கேட்டிருக்கும். அடுத்த மாதமே, கலியாண வீடுகளில் அன்ரிமார் யாராவது "மகள் என்ன படிக்கிறா?" என்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "வெற்றினறி சேர்ஜன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் சத்தம் போட்டால் அது ஆறிவிடும். இந்த முறை அவர் சத்தம் போடவில்லை. ஏன் என்று உனக்கு விளங்க வேண்டுமென்றால் அந்த ஊரைப் பற்றி உனக்குத் தெரிய வேண்டும். உனக்குத் தெரிந்ததெல்லாம் பாஸ்போட்டில் பிறந்த இடம் என்று இருக்கிற ஒரு வரி. போடரில் ஒவ்வொரு முறையும் ஒபிசர் அதைப் பார்த்துவிட்டு "இது எங்கே இருக்கிறது?" என்று கேட்க, நீ தோளைக் குலுக்குவாய். அது எங்கே இருக்கிறது, எப்படிப்பட்டது என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு பகிடி. அப்போது கனடாவுக்கு வருகிறவர்கள் அமெரிக்காவுக்குள் வந்து, போடரில் பெயரைக் கொடுத்து, விசாரணைக்குக் கூப்பிடும்வரை அமெரிக்கப் பக்கமே காத்திருக்க வேண்டும். நீ வயிற்றில். எங்களோடு மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்து ஆட்கள் இன்னும் சில குடும்பங்கள். போடர்காரர் ஒரு வானில் ஏற்றி, ஒரு சேர்ச் உங்களை வைத்துப் பார்க்கும் என்று அனுப்பினார்கள். கனடாவில் நிரந்தரமாக இருக்கலாம் என்று கிடைக்கிற அனுமதியை எங்கள் ஆட்கள் லாண்டட் என்றுதான் சொல்வார்கள். "உவருக்கு லாண்டட் கிடைச்சிட்டுதாம்" என்றால் அந்த வீட்டில் பாயாசம் காய்ச்சுவார்கள். வான் ஊருக்குள் திரும்பும்போது பனிக்குள் ஒரு பெரிய பலகை தெரிந்தது. உன் அப்பாதான் எங்கள் கூட்டத்தில் இங்கிலிஷ் தெரிந்தவர். அவர் எட்டிப் பார்த்து வாசித்துவிட்டு, வானுக்குள்ளே கையைத் தட்டினார். "பார்த்தியளோ! டொபின்ஸ் லாண்டிங்! இஞ்சைதான் லாண்டிங் குடுக்கிறாங்கள் போலை!" என்றார். ஒரு அன்ரி சிலுவை அடையாளம் போட்டார். டொபின் என்பவர்தான் பெரிய ஒபிசர் என்றும், அவருக்கு எப்படிக் குட்மோனிங் சொல்வது என்றும் பேச்சுப் போனது. இறங்கிப் பார்த்தால் ஒரு சேர்ச்சின் நிலவறை, மடக்குக் கட்டில்கள், ஒரு பெரிய சூப் பானை. டொபின் செத்து நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

டொபினின் கதையை எனக்குச் சொன்னவர் மார்ஜ் அன்ரி. பள்ளிக்கூடத்தில் சமைத்து இளைப்பாறியவர், பெரிய கை, பெரிய குரல். சேர்ச் நிலவறையை அவர்தான் ஆண்டார். உருளைக்கிழங்கு உரிக்க என்னைக் கூட இருத்திவிட்டு, எனக்கு விளங்குகிறதா இல்லையா என்று பாராமல் ஊரின் கதை முழுவதையும் சொல்லுவார். திரும்பத் திரும்பச் சொன்னதால் கடைசியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் இங்கிலிஷ் அந்த உருளைக்கிழங்கோடு வந்த இங்கிலிஷ்தான். டொபின் மரத்தடிகளைத் தெப்பமாகக் கட்டி ஆற்று வழியே மொன்றியலுக்குக் கொண்டு போன ஆள். ஒரு வருடம் ஆறு நேரத்தோடு உறைந்துவிட்டது. தெப்பம் பனிக்குள் மாட்டிக்கொண்டது. உருகும்வரை இருப்போம் என்று கரையில் ஒரு கொட்டில் போட்டார். உருகியபோது கொட்டிலை விட்டுப் போக மனம் வரவில்லை. அப்படித்தான் ஊர் தொடங்கியது. பிறகு பொஸ்ரனுக்கு வேலை தேடிப் போன கியூபெக்காரர் வழியில் காசு முடிந்து நின்றார்கள். ரயில் பாதை போட வந்த ஐரிஷ்காரர் பாதை முடிந்தும் போகவில்லை. "இந்த ஊருக்கு என்று புறப்பட்டு வந்தவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் வேறெங்கோ போகிற வழியில் நின்றவர்கள்தான்" என்று மார்ஜ் அன்ரி சொல்லுவார். சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்துச் சிரிப்பார்.

நாங்களும் அப்படித்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா. பின்னேரத்தில் அங்கே வெளிச்சம் போடுவது எங்களுக்குத் தெரியும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாடு இருப்பது மன்னார்க்காரருக்குப் புதிதில்லை. ஆனால் ஆறு உறைந்து கிடக்க, நடந்தே போய்விடலாம் போல இருந்தபோதும் போக முடியாமல் இருந்தது பெரிய வயிற்றெரிச்சல். அந்த ஊருக்கும் அந்த எரிச்சல் உண்டு. ஒரு காலத்தில் கப்பல்கள் நின்றன, ரயில் நின்றது, சீஸ் ஃபக்டறி ஓடியது. நாங்கள் போன நேரத்தில் கப்பல்கள் நிற்காமல் போயின, தண்டவாளத்தில் புல் முளைத்திருந்தது, ஃபக்டறிக் கதவில் பலகை அடித்திருந்தது. மாடு மட்டும் மிஞ்சியிருந்தது. மனிதர் போனாலும் மாட்டைக் காலையில் கறக்கத்தானே வேண்டும் என்று ஊர் இருந்தது. உனக்கு அங்கே வேலை இருப்பது அதனால்தான்.

இப்போது சைரனுக்கு வருகிறேன். மார்ஜ் அன்ரியின் பாட்டன் காலத்தில் ஒரு பெரிய நெருப்பு வந்து கடைத்தெரு முழுவதும் எரிந்திருக்கிறது. அதுவரை எல்லாம் மரக்கட்டிடம். பிறகு எல்லாவற்றையும் செங்கல்லில் கட்டி, தீயணைப்புக் கொட்டிலின் கூரையில் ஒரு சைரனையும் வைத்தார்கள். அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஊதுவார்கள். காலப்போக்கில் ஊரின் சாப்பாட்டு மணியே அதுவாகிவிட்டது. பள்ளிக்கூடம், கடை, மாட்டுப்பட்டி, எல்லாம் அந்த ஊதலில்தான் கையைக் கழுவும். இது எங்களுக்குத் தெரியுமா? போன அடுத்த நாள் மத்தியானம், நாங்கள் நிலவறையில் மேசையில் இருக்க, தலைக்கு மேலே அது ஊதத் தொடங்கியது. அப்படி ஒரு சத்தம் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். "குப்புறப் படு! குப்புறப் படு!" என்று யாரோ கத்த, எல்லாரும் மேசைக்குக் கீழே. என்னால் குப்புறப் படுக்க முடியவில்லை, நீ இருந்தாய். நான் பக்கவாட்டில் சுருண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். உன் அப்பா என் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, என்னை மூடிக் கவிழ்ந்திருந்தார். சூப் பானையோடு படியால் இறங்கி வந்த மார்ஜ் அன்ரி எங்களைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு பானையை வைத்துவிட்டு, அந்தப் பெரிய உடம்போடு மெல்ல மெல்லக் கீழே இறங்கி, மேசைக்குக் கீழே என் பக்கத்தில் வந்து படுத்தார். ஏன் படுக்கிறோம் என்று கேட்கவே இல்லை. ஊதி முடிந்ததும் எழும்ப முடியாமல் அவரை மூன்று பேர் தூக்க வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் நாங்கள் அந்த ஊரில் முதல் முதலாகச் சிரித்தோம்.

அடுத்த நாள் மத்தியானம் சைரன் ஊதவில்லை. அதற்கடுத்த நாளும் ஊதவில்லை. மார்ஜ் அன்ரி நேரே தீயணைப்புத் தலைவரிடம் போயிருக்கிறார். நெருப்புக் காலத்திலிருந்து ஒரு நாளும் நிறுத்தாத சைரன், யாரோ வழிப்போக்கருக்காக நிறுத்துவதா என்று அந்த மனிதர் துள்ளியிருக்கிறார். "நெருப்பு வந்தால் உன் சைரன் ஊதட்டும். மத்தியானம் வந்தால் வயிறே ஊதும்" என்று இவர் சொல்லிவிட்டு வந்தாராம். ஊர் முழுக்க முணுமுணுப்பு. சாப்பிட மறந்துபோன கமக்காரர்கள், பள்ளிக்கூடம் பிந்தி விட்ட பிள்ளைகள், தலைமுடி வெட்டுகிற கடையில் பாதித் தலையோடு இருந்தவர் என்று ஒவ்வொரு நாளும் ஒரு கதை வரும். ஆனால் திட்டிக்கொண்டே நிறுத்தினார்கள். அந்த ஊரின் குணம் அதுதான், நன்றாக மனதில் வை. சிரித்துக்கொண்டு ஒன்றும் செய்யாத ஊர்கள் உண்டு. இது முகத்தை நீட்டிக்கொண்டு செய்து தருகிற ஊர். எல்லாரும் தேவதைகள் என்று நினைத்துவிடாதே. கடையில் ஒருத்தி நாங்கள் போகிற இடமெல்லாம் பின்னால் வந்து சாமான்களைத் தடவிப் பார்ப்பாள். சாப்பாட்டுக் கடைக்குள் நாங்கள் நுழைந்தால் கரண்டிச் சத்தமே நின்றுவிடும். அண்ணன் தம்பி இரண்டு பேர் வேலிச் சண்டையில் பேச்சை விட்டு, ஒரே வாங்கில் இருந்து பூசை காண்பார்கள். சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரத்தில் இரண்டு பேருக்கும் இருமல் வந்துவிடும். அங்கே கோபமும் நீண்ட காலம் நிற்கும், சொல்லும் நீண்ட காலம் நிற்கும். எங்களுக்கு விளங்காமல் போனது இந்த இரண்டாவதுதான்.

விளங்காமல் போனதற்கு முதல் அடையாளம் ஒரு அப்பிள் பை. ஒரு நாள் மார்ஜ் அன்ரி அந்தப் பழப் பணியாரத்தைச் சுடச்சுட வெட்டிக் கொண்டுவந்து நீட்டினார். எனக்குப் பசி, அதுவும் இரண்டு பேருக்குச் சேர்த்த பசி. ஆனாலும் உடனே வாங்கினால் என்ன நினைப்பார்கள்? எங்கள் வழக்கப்படி "நோ, நோ, தாங்க்யூ" என்றேன். அவர் "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்! இரண்டாம் முறை கேட்பார், கையில் திணிப்பார் என்று நான் காத்திருந்தேன். பை முடிந்துவிட்டது. அன்றைக்கு நான் அழுததைக் கண்ட உன் அப்பா, ஊரை நினைத்து அழுகிறேன் என்று என் முதுகைத் தடவினார். பையை நினைத்து அழுகிறேன் என்று நான் சொல்லவில்லை. அந்த மாசிப் பனிக்குள் நீ பிறந்தாய். ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில், வீதியெல்லாம் மூடிவிட்டார்கள். பால் வண்டிக்காரர் ஒருவர்தான் எங்களை முன்னால் ஏற்றிக்கொண்டு போனார். "பயப்பட வேண்டாம், பால் கெட முதல் போய்விடலாம்" என்பதைத் தவிர வழி முழுக்க ஒரு வார்த்தையும் பேசவில்லை. திரும்பி வந்தபோது மார்ஜ் அன்ரி உன்னை வாங்கி, அவருடைய அந்தப் பெரிய கையில் ஒரு பாண் போல வைத்துக்கொண்டு நிலவறை முழுக்க நடந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

பனி உருகத் தொடங்கிய நேரத்தில் எங்களை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். புறப்படுகிற நாள் ஊரில் பாதி நிலவறைக்கு வந்துவிட்டது. முகத்தை நீட்டிக்கொண்டிருந்தவர்களும் வந்தார்கள், கேக்கோடு. எங்கள் சார்பில் உன் அப்பா பேச வேண்டும். கோட்டுப் போட்டுக்கொண்டு எழும்பினார். நன்றி எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். கடைசியில்தான் சிக்கல். நாங்கள் எந்த வீட்டில் இருந்து வெளிக்கிட்டாலும் போறம் என்று சொல்வோமா? அது செத்த வீட்டுச் சொல். போட்டு வாறம் என்றுதான் சொல்லுவோம். திரும்பி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அதுதான் முறை. அந்த மனிதர் எழுந்து நின்று, நல்ல உரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாக, "வீ வில் கோ அன்ட் கம் பாக்" என்றார். நிலவறையில் எல்லாரும் எழும்பிக் கை தட்டினார்கள். மார்ஜ் அன்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்போது?" என்று கேட்டார். உன் அப்பா திகைத்துப்போனார். போட்டு வாறன் என்று சொன்ன ஆளிடம் எப்போது என்று எங்கள் ஊரில் யாராவது கேட்பார்களா? சீக்கிரம் என்கிற மாதிரி வாய்க்கு வந்தபடி "சூன்" என்றார். "நல்லது. அதுவரைக்கும் சைரன் ஊதாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் அவர். அதுவும் அவர்களுடைய ஒரு போட்டு வாறன் என்று நாங்கள் நினைத்தோம். சிரித்துக்கொண்டு வானில் ஏறிவிட்டோம்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கனடாவில் முதலில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறை, பிறகு டோர்செட் பார்க்கில் இரண்டு அறை, பிறகுதான் இந்த மில்லிக்கன் வீடு. முதல் வருடங்களில் போடர் தாண்ட எங்களிடம் பேப்பர் இல்லை. பேப்பர் வந்த பிறகு லீவு இல்லை. லீவு வந்தபோது உன் அப்பா, "வெறுங்கையோடை எப்பிடிப் போறது? நல்ல காரிலை, நல்ல சாமானோடை, குடும்பமாப் போய் நிக்கோணும்" என்றார். கார் வந்தது. வீட்டை முதலில் வாங்குவோம் என்றார். வீடு வந்தது. நீ படிப்பை முடி என்றார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, நானும் மறுத்துப் பேசவில்லை. மொன்றியலுக்கு மாமா வீட்டுக்குப் போகும்போது நானூற்றி ஒன்று ஹைவேயில் அமெரிக்கப் பாலத்துக்குத் திரும்புகிற எக்ஸிட் வரும், நினைவிருக்கிறதா? அந்த இடத்தில் அப்பா வானொலியைக் கூட்டிவிட்டு அக்ஸிலேற்றரை மிதிப்பார். "அப்பா, ஸ்லோ டவுன்!" என்று நீ பின்னால் இருந்து கத்துவாய். அவர் எதைக் கண்டு ஓடினார் என்று உனக்கு அப்போது தெரியாது.

போன கிழமைக்கு முதல் கிழமை நீ இன்டர்வியூவுக்குப் போய்விட்டு அந்த ஊரில் இருந்தே போன் எடுத்தாய். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், ஸ்பீக்கரில் போட்டேன். நீ சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாய். சாப்பாட்டுக் கடையில் உன்னை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம். நீ அங்கே பிறந்தவள் என்று அந்தப் பழைய டொக்டர் சொன்னதும், ஒரு கிழவர், "வந்துவிட்டீர்களா! இனியாவது எங்கள் மத்தியானச் சைரனைத் திரும்ப ஊதலாமா?" என்று கேட்டாராம். ஒவ்வொரு வருடமும் ஊர்க் கூட்டத்தில் யாராவது எழும்பி, சைரனைத் திரும்பத் தொடங்குவோம் என்பார்களாம். மார்ஜ் அன்ரி எழும்பி, "அவர்கள் திரும்பி வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்பாராம். எல்லாரும் சிரித்துவிட்டு, சரி அடுத்த வருடம் பார்ப்போம் என்று விடுவார்களாம். அவர் இரண்டு பனிக்காலத்துக்கு முதல் இறந்துவிட்டார் என்றும், அதற்குப் பிறகும் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் கையைத் தூக்க மனம் வரவில்லை என்றும் நீ சொன்னாய். "ஹவ் ஃபனி இஸ் தற், அப்பா?" என்று கேட்டாய். அப்பா பாதிச் சோற்றில் எழும்பிக் கையைக் கழுவினார். அன்றையில் இருந்துதான் இந்த மௌனம். மகள், அது கோபம் இல்லை. அவர் மார்ஜ் அன்ரிக்காகத் துக்கம் காக்கிறார்.

இதை நான் உன்னை அழவைக்க எழுதவில்லை. அந்த ஊரை நீ கோயிலாக்கிக் கும்பிடவும் வேண்டாம். அந்தச் சைரன் ஊதாமல் இருந்ததில் பாதி அன்பு, பாதி சோம்பல் என்பதுதான் என்னுடைய கணிப்பு. ஏறி வயரைப் பூட்ட எல்லாருக்கும் பஞ்சியாக இருந்திருக்கும். ஆனாலும் ஒருத்தி வருடா வருடம் எழும்பி நின்றிருக்கிறாள், அது சோம்பல் இல்லை. நீ போனால் மூன்று விஷயங்களில் கவனமாக இரு என்று மட்டும் சொல்வேன். பை தந்தால் முதல் முறையே வாங்கு. எங்கள் ஆட்களைப்போல் "பார்ப்பம்" என்று சொல்லித் தப்பாதே. இங்கே பார்ப்பம் என்றால் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும், அங்கே அவர்கள் கலண்டரில் எழுதிவைப்பார்கள். கன்று போடுகிற மாட்டுக்கு ஐந்து நிமிடத்தில் வாறன் என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் போய் நில், வீட்டில் சப்பாத்துத் தேடிக்கொண்டு நிற்காதே. மற்றதெல்லாம் நீ சமாளிப்பாய். உன்னைப் பற்றி எனக்கு ஒரு பயமும் இல்லை. எனக்கு இருக்கிறதெல்லாம் நீ இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நினைக்கிற கவலைதான். அது என்னுடைய பாடு, அதை உன் தலையில் கட்டமாட்டேன்.

இன்றைக்கு மத்தியானம்தான் அப்பாவிடம் நேரே கேட்டேன். "இஞ்சேருங்கோ, உங்கட வாயாலை வந்த சொல்லுக்கு உங்கட பிள்ளை போகப் போறாள். அது நல்லதுதானே? பிறகேன் உந்த மூஞ்சி?" என்றேன். அவர் இரண்டு கிழமைக்குப் பிறகு முதல் முதலாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதுதான் எனக்கு விருப்பமில்லை" என்றார். "என்ர சொல்லைக் காவிக்கொண்டு அவள் ஏன் போகோணும்? அந்தக் கடைக்குள்ளை அவள் போகேக்கை, உவள்தான் திரும்பி வாறன் எண்டு சொன்னவரின்ர மகள் எண்டு பாப்பினம். அவள் மாட்டு டொக்டராப் போகட்டும். எனக்குப் பதிலாப் போக வேண்டாம்." பிறகு அவர் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். "நாளைக்கு விடிய வெளிக்கிடுவம்" என்றார்.

"எங்கை?" என்றேன்.

"லாண்டிங்குக்கு. நானும் நீயும். அவளுக்கு முதல் நாங்கள் போய் முகத்தைக் காட்டோணும். மார்ஜை எங்கை தாட்டிருக்கினம் எண்டு ஆரையும் கேட்டா சொல்லுவினம்."

"வெறுங்கையோடையோ?" என்றேன், எனக்கும் வாய் சும்மா இருக்காதே.

"வெறுங்கையோடைதான். கையைப் பார்த்துப் பார்த்துத்தானே இவ்வளவு காலமும் போனது" என்றார்.

ஆகவே நீ இந்தக் கடிதத்தை வாசிக்கிற நேரத்தில் நாங்கள் அந்த எக்ஸிட்டில் திரும்பியிருப்போம். உன் அப்பா அங்கே என்ன சொல்லுவார், எந்த முகத்தோடு சொல்லுவார் என்று எனக்குத் தெரியாது. அந்த ஊர் முகத்தை நீட்டிக்கொண்டுதான் கேட்கும், பிறகு கேக் கொண்டுவரும். அது எங்களுடைய அலுவல், அதை நாங்கள் முடித்துவிடுவோம். நீ அந்த ஊருக்கு ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. போக விருப்பமென்றால், இந்த ஊருக்கு என்று புறப்பட்டு வந்த முதல் ஆளாகப் போ. விருப்பமில்லையென்றால் இங்கே இரு, ஒன்ராறியோவிலும் மாடு இருக்கிறது. அப்பாவின் ஓமுக்காகக் காத்திருக்கிறாய் என்று அவரிடம் கடைசியாகச் சொன்னேன். கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "நான் வாய்விட்ட ஒரு சொல்லை வைச்சுக்கொண்டு ஒரு ஊர் இவ்வளவு காலம் இருந்தது காணும். என்ர பிள்ளையும் என்ர வாயைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம் எண்டு எழுது."

எழுதிவிட்டேன். உன் அப்பாவிடம் இருந்து இதற்கு மேல் ஒரு ஓம் வராது, மகள். இதைவிடப் பெரிய ஓம் எனக்கும் ஒரு நாளும் கிடைத்ததில்லை.